கர்ப்பகால வேலையும் குறைமாதப் பிரசவமும்: பால்வெட்டு, அண்டி ஆபீஸ், ஜவுளிக்கடை

மலையோரம்:
தொழிற்சங்கத்துக்காக ஒரு கோரிக்கை மனு தயாராகுது. குமரி மாவட்டத்தில் கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கம் பால்வெட்டுக்கு (ரப்பர் மரத்தில் பால் எடுக்கிற வேலைக்கு) போற பெண்களுக்கும், விளவங்கோடு, கல்குளம் வட்டாரத்து அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பெண்களுக்கும் பொதுவா. "கர்ப்பிணிகளுக்கு இலகுவான வேலை தர வேண்டும்"னு ஒத்த வரி எழுதிக் கொடுத்தா நிர்வாகம் வாங்கி ஃபைல்ல வெச்சிரும். எந்த வேலை, எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், எந்த வாரத்திலிருந்துன்னு எழுதணும். அஞ்சாம் மாசத்தோட வேலையை நிறுத்திரணும்னு ஒரு கூட்டம் சொல்லுது. மிச்ச நாலு மாசக் கூலியை யாரு தருவான்னு இன்னொரு கூட்டம் கேட்குது. விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க.

தக்கலை செவிலி:
37 வாரம் முடியும் முன்னால பிறந்தா குறைமாதம். 2020 கணக்குப்படி உலகத்தில் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தன. இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம், அதாவது நூறு பிரசவத்தில் 13. முன்னால ஒரு குறைப்பிரசவம், இரட்டைக் கரு, கருப்பை வாய் நீளம் குறைவு, ரத்த அழுத்தம், தொற்று, ரத்தசோகை இதெல்லாம்தான் பெரிய காரணங்கள். வேலை அதுக்கு அடுத்த வரிசை. ஆனா மேலே சொன்னதில் பலதை நம்மால மாத்த முடியாது, வேலையை மாத்தலாம். அதனாலதான் இதைப் பேச வேண்டியிருக்கு.

80 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 8 லட்சத்து 53 ஆயிரம் பெண்களை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு இருக்கு. ஒரு நாளில் தூக்கின எடை மொத்தமா 100 கிலோவைத் தாண்டினா குறைமாத வாய்ப்பு சுமார் 31 சதவீதம் கூடுது. பொதுவா கடும் உடலுழைப்பு 23 சதவீதம். நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நிற்பது 10 சதவீதம். வேலை நேரம் பற்றித் தனியா ஒரு தொகுப்பாய்வு: வாரம் 40 மணிக்கு மேல் போனாலும், நிரந்தர இரவுப் பணி பார்த்தாலும் 21 சதவீதம் வாக்கில்.

மனுவுக்கு வேண்டியது அந்த 100 கிலோ கணக்குதான். ஒரே தூக்கில் 100 கிலோ இல்லை, நாள் முழுக்கச் சேர்த்து. சிமெண்ட் கலவைச் சட்டி 12 கிலோன்னு வெச்சா ஒன்பதாவது நடையில் சித்தாள் அந்தக் கோட்டைத் தாண்டிருவா. காலை பத்து மணிக்குள்ள முடிஞ்சிரும்.

வடசேரிக்காரன்:
10 சதவீதம், 20 சதவீதம்னு சொல்லி பெண்களைப் பயமுறுத்தாதீங்க. நூத்துக்கு 10 இருக்கிற இடத்தில் 20 சதவீதம் கூடினா 12 ஆகும். அவ்வளவுதானே?

தக்கலை செவிலி:
கணக்கு சரிதான் அண்ணே. ஒரு பெண்ணிடம் பேசும்போது அப்படித்தான் சொல்லணும், பயம் வேண்டாம். ஆனா ரெண்டு விஷயம் விட்டுப்போகுது. ஒண்ணு, ஆய்வில் நிற்பது தனி, தூக்குவது தனி, இரவு தனின்னு பிரிச்சுப் பார்ப்பாங்க. நிஜத்தில் ஒரே பெண்ணுக்கு எல்லாம் சேர்ந்து வரும். 1984இல் பிரான்சில் மாமெல் என்பவரும் கூட இருந்தவங்களும் களைப்புக்கு ஐந்து ஊற்றுகளைப் பிரிச்சாங்க: நிற்கும் நிலை, இயந்திரத்தோட வேலை, உடல் சுமை, மனச்சோர்வு தரும் ஒரே மாதிரி வேலை, சுற்றுச்சூழல் (சத்தம், ஈரம், குளிர், ரசாயனம்). எத்தனை ஊற்று சேருதோ அத்தனைக்குக் குறைமாதமும் ஏறிச்சு.

அமெரிக்காவில் 2001இல் வெளியான ஆய்வு இதே அளவுகோலைத் தலைப்பிரசவக்காரங்க மேல வெச்சுப் பார்த்தது. மாசம் நிறையும் முன்னால பனிக்குடம் உடையறது, வேலைக்கே போகாதவங்களில் 2 சதவீதம் வாக்கில். நாலைந்து ஊற்றும் சேர்ந்தவங்களில் 7 சதவீதத்துக்கு மேல. இது 10, 12 கணக்கில் அடங்காது.

ரெண்டாவது, வயிறு இறுக்கம், ரத்தக் கசிவுன்னு பிரச்சினை வந்தவ முதல்லயே வேலையை விட்டு நின்னிருவா. கணக்கெடுக்கும்போது வேலையில் இருக்கிறவ திடமானவளாத்தான் இருப்பா. அதனால ஆய்வுகள் வேலையின் பாதிப்பைக் கொஞ்சம் குறைச்சே காட்டும்.

பிளாக் ஏழு:
பால்வெட்டைப் பத்தி நான் எழுதுறேன், கேட்டியளா. வெளியில இருந்து பாக்கிறவங்க வெட்டுறதுதான் பாடுன்னு நெனைப்பாவ. கத்தி பிடிக்கிறது பெரிய பாடு இல்ல.

ஒரு ஆளு ஒரு நாள் வெட்டுற பிளாக்குல 300 மரம் வாக்கில வரும். வெளுப்பான் காலத்துல, தலையில லைட் கெட்டிக்கிட்டு, சரிவுல ஏறி எறங்கணும். பட்டை கீழ வந்த மரத்துல ஒவ்வொண்ணுக்கும் குனியணும். ஏழாம் மாச வயித்தோட 300 குனிவு. பொறவு சிரட்டையில இருந்து பால் எடுத்து வாளியில சேத்து எடை போடுற இடத்துக்குக் கொண்டுபோகணும். பத்து லிட்டர் பால் பத்து கிலோ, வாளி வேற. அதும் ஒரு கையில தொங்கும், ஒடம்பு ஒரு பக்கமா சாயும், கீழ ஈரச் சருகு. மழைக்காலத்துல வழுக்கி விழுறதுதான் பெரிய ஆபத்து. நமக்கு ஆனி, ஆடியிலயும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலயும் மழை.

அதனால மனுவுல "வெட்டு வேண்டாம்"னு எழுதாதிய. வெட்டு இருக்கட்டும், பால் சுமப்பு வேண்டாம்னு எழுதணும். சேத்த பாலைச் சுமக்க ஒரு ஆளு. சரிவு கூடின பிளாக்குக்குப் பதிலா சமதள பிளாக், குனியாம வெட்டுற ஒயரத்துல பட்டை உள்ள மரம். இருபது வாரத்துக்குப் பொறவு ஒட்டுப்பால் (சிரட்டையிலயும் பட்டையிலயும் ஒறைஞ்ச பால்) சாக்கு தூக்கவே கூடாது, அது நனைஞ்சா என்ன எடைன்னு தூக்கினவங்களுக்குத் தெரியும். ஏணி வெச்சு மேல்பட்டை வெட்டுறதும் அதே மாதிரி.

பால் கெட்டாம இருக்க ஊத்துற அமோனியா, ரப்பர் ஷீட் அடிக்கிற இடத்துல பார்மிக் ஆசிட், ரெண்டையும் கையாள விடக்கூடாது. ஷீட்டைப் புகையில காய வெக்கிற புகைப்புரைக்குள்ள அடுப்பு எரிய விட்டு ஷீட் திருப்பிப் போடுறதும் வேண்டாம்.

மலையோரம்:
இது உபயோகம். தூக்குற எடைக்கு ஒரு எண் சொல்ல முடியுமா? 5 கிலோவா, 10 கிலோவா?

தக்கலை செவிலி:
அமெரிக்கத் தொழில்சார் நலத்துறை ஆய்வாளர்கள் 2013இல் ஒரு அட்டவணை போட்டாங்க. சிக்கல் இல்லாத கர்ப்பத்துக்கு, பாரத்தை உடம்போட ஒட்டிப் பிடிச்சுத் தூக்கினா இவ்வளவுன்னு:

எப்போதாவது தூக்குறதுக்கு 20 வாரம் வரை 16 கிலோ, பிறகு 12 கிலோ.
அடிக்கடி, ஆனா நாளில் ஒரு மணி நேரத்துக்குள்: 14 கிலோ, பிறகு 10.
ஒரு மணி நேரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப: 8 கிலோ, பிறகு 6.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுப்பகுதிக்குக் கீழிருந்து, அதாவது தரையிலிருந்து, எதையும் தூக்கக் கூடாது. தலைக்கு மேல் உயர்த்தவும் கூடாது. வயிறு பெருக்கப் பெருக்க பாரம் உடம்பை விட்டுத் தள்ளிப்போகும், கை நீளும், இடுப்பில் இழுவை கூடும். அதனாலதான் பின்பாதியில் எண் குறையுது.

பால் சுமப்பு மூணாவது வகை. மனுவில் "20 வாரத்துக்குப் பிறகு 6 கிலோவுக்கு மேல் வேண்டாம்"னு எழுதுங்க. அரை வாளிக்கும் கொஞ்சம் மேல வரும்.

அண்டி ஆபீஸ் ரோடு:
அண்டி ஆபீஸ்ல நிற்பது குறைவு, ஆனா இருந்த இருப்பு. உடைப்புக்காரங்க பலகையிலோ தரையிலோ குத்தவெச்சு, இல்லேன்னா சம்மணம் போட்டு, முன்னால சாய்ஞ்சு எட்டு மணி நேரம். தொலி உரிப்பும் அதே. வயிறு தொடையில் அமுங்கும், காலில் ரத்தம் தேங்கும், சாயங்காலம் எழும்பும்போது கணுக்கால் வீங்கிக் கிடக்கும். கூலி கிலோ கணக்கில்ங்கிறதால யாரும் தானா எழும்ப மாட்டாங்க. அங்கதான் சிக்கல். இடைவேளை கொடுத்தாலும், எடுத்தா காசு போகும்.

செய்யக்கூடியது என்னன்னா: உயரமான மேசை, முதுகு சாய்க்க நாற்காலி, காலுக்கு ஒரு சின்னப் பலகை. உடைப்பில் இருக்கிறவங்களைத் தரம் பிரிக்கிற மேசைக்கு மாத்தலாம். வறுக்கிற கொட்டகையிலோ ஆவி அவிக்கிற பாய்லர் பக்கத்திலோ கர்ப்பிணி நிற்கவே கூடாது. வறுக்கும்போது முந்திரித் தோட்டு எண்ணெய்ப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், சூடும் சேரும். மாத்தும்போது கூலி பழைய சராசரிக்குக் குறையாம நாள் கூலியா நிர்ணயிக்கணும். இதை எழுதாம விட்டா தரம் பிரிப்புக்கு மாத்தி கூலியைக் குறைச்சிருவாங்க.

தக்கலை செவிலி:
சூட்டைப் பத்தி ஒரு வரி. வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடினா குறைமாத வாய்ப்பு சுமார் 5 சதவீதமும், வெப்ப அலை நாட்களில் 16 சதவீதமும் கூடுதுன்னு 2020இல் வந்த தொகுப்பாய்வு சொல்லுது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், சூட்டில் வேலை செய்தவங்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறப்பு ஆபத்து இரட்டிப்பா இருந்தது. நம்ம ஊர் சூடு மதுரை மாதிரி தெரியாது, ஆனா கடல் ஈரம் வியர்வையை உலரவிடாது. தெர்மாமீட்டர் 32 காட்டினாலும் உடம்புக்கு அதைவிடக் கூடுதல். தோல் பக்கம் ரத்தம் திரும்பிப் போகும்போது கருப்பைக்குப் போற பங்கு குறையும். தண்ணி வத்தினா கருப்பை இறுகத் தொடங்கும்.

குளச்சல் கரை:
எல்லாரும் சுமை, சூடு பத்தியே பேசுறீங்க. கழிப்பறையைப் பத்தி யாரும் எழுதலை. தோட்டத்தில் கிடையாது. மீன் ஏலக் கூடத்தில் இருந்தாலும் போக முடியாத நிலை. பல ஜவுளிக்கடையில் மாடியில் ஒண்ணு, சூப்பர்வைசரிடம் கேட்டுட்டுப் போகணும். இதுக்குப் பெண்கள் என்ன செய்றாங்க? தண்ணி குடிக்கிறதைக் குறைக்கிறாங்க. விடியக்காலம் வீட்டிலிருந்து கிளம்புறவங்க மத்தியானம் வரை அடக்கி வெக்கிறாங்க.

தக்கலை செவிலி:
இதுதான் மனுவின் முதல் கோரிக்கையா இருக்கணும், என்னைக் கேட்டா. சிறுநீர்த் தொற்று குறைமாத வலிக்கு நன்றாகத் தெரிஞ்ச தூண்டுதல். கர்ப்பத்தில் அது அறிகுறியே இல்லாமலும் இருக்கும், எரிச்சல் இருக்காது, காய்ச்சல் இருக்காது. அதனால பதிவு செய்யும்போதே சிறுநீர்ப் பரிசோதனை. தொற்று இருந்தா மருந்தை நாள் குறையாம முடிக்கணும், நடுவில் நிறுத்தினா திரும்ப வரும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்வர வசதி, நடந்து அஞ்சு நிமிஷத்துக்குள், தண்ணீரோட. தோட்டத்தில் எடை போடுற கொட்டகையை ஒட்டி ஒரு அறை கட்ட பெரிய செலவு ஆகாது. நாற்காலி, மேசை, வாளிக்கு ஆள் இதையெல்லாம் மறுத்தாலும் இதை மறுக்க எந்த நிர்வாகத்துக்கும் முகம் இருக்காது.

ரத்தசோகையும் இதோட சேரும். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனா சோகை. இரும்புச்சத்து மாத்திரையை (60 மி.கி.) 180 நாள் எடுக்கணும். சாயாவோட சேர்க்கக் கூடாது, கால்சியம் மாத்திரையோட ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது, இரும்பு உடம்பில் சரியாச் சேராது. தோட்டத்தில் செருப்பில்லாம நடந்தா கொக்கிப்புழு காலில் ஏறும், அது ரத்தத்தைக் குடிக்கும். மூணு மாசம் கழிஞ்சு பூச்சி மாத்திரை ஒண்ணு செவிலியர் தருவாங்க.

குளச்சல் கரை:
கடற்கரை ஊரில் இன்னொண்ணு. வலைக்கு ஈயக்குண்டு வீட்டு முற்றத்தில் உருக்கி வார்க்கிற வழக்கம் இருந்தா, கர்ப்பிணி அந்த வீட்டில் இருக்கும்போது அதை நிறுத்தணும். ஈயப் புகை குழந்தை வரை போகும், வளர்ச்சியையும் பாதிக்கும், குறைமாதத்துக்கும் காரணமாகும். உருக்கின இடத்து மண்ணைக் கூட்டிப் பெருக்காம நனைச்சுத் துடைக்கணும்.

மீன் விக்கிற பெண்களுக்குச் சட்டமும் இல்லை, முதலாளியும் இல்லை. பெட்டி 25, 30 கிலோ, பஸ்ஸில் ஏத்தி இறக்கி நாலு தடவைத் தூக்கினா 100 கிலோ. பெட்டியை ரெண்டாப் பிரிச்சு, தூக்கிவிட ஆள் இருந்தா மட்டும் தலையில் ஏத்தறதுதான் வழி. குனிஞ்சு தரையிலிருந்து தானே எடுக்கிறதுதான் மோசம்.

நாகர்கோவில் வாசகி:
ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற பெண்கள் சார்பா: 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி 22-ஏ பிரிவு சேர்த்தாங்க. எல்லா ஊழியருக்கும் உட்கார இருக்கை கட்டாயம், வேலைக்கு நடுவில் வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார. கர்ப்பிணிக்கு மட்டும்னு இல்லை, எல்லோருக்கும். நாற்காலி போட்டிருக்காங்க, உட்கார்ந்தா முறைக்கிறாங்கன்னா அது சட்டத்தை மீறுறதுதான்.

சட்டப்பிரிவு:
சட்டத்தைப் பற்றி எழுதுறேன், நிதானமா வாசிங்க. 1961 பிரசவகால நலச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருந்தது: பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம், அதற்கு முந்தைய ஒரு மாதம், இந்தக் காலத்தில் கடினமான வேலை, நெடுநேரம் நிற்க வைக்கும் வேலை, கர்ப்பத்தைப் பாதிக்கும் வேலை எதையும் கொடுக்கக் கூடாது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது, அதில் இதே வாசகம் 59ஆம் பிரிவாக இருக்கிறது.

இதில் இரண்டு ஓட்டை. ஒன்று, பெண் கேட்டால்தான் இந்தப் பாதுகாப்பு. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்க வேண்டும். இரண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 வாரத்தில் பிரசவம் என்றால் ஆறு வாரம் முன்னால் 34ஆம் வாரம், அதற்கு ஒரு மாதம் முன்னால் 30ஆம் வாரம் வாக்கில். 20இலிருந்து 30 வாரம் வரை சட்டம் வாய் திறப்பதில்லை. மலையோரம், உங்கள் மனு நிரப்ப வேண்டிய இடைவெளி அந்தப் பத்து வாரம்தான்.

1961 சட்டத்தின் 13ஆம் பிரிவில் இருந்த விதி முக்கியம், புதிய தொகுப்பிலும் அது தொடர்கிறது: மாற்று வேலை கொடுத்ததைக் காரணம் காட்டி வழக்கமான நாள் கூலியைக் குறைக்கக் கூடாது. அண்டி ஆபீஸ் ரோடு சொன்ன பயத்துக்கு இதைத்தான் காட்ட வேண்டும்.

விடுப்பு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம். உயிரோடு இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம், முன்னால் 6. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். குழந்தை 31ஆம் வாரமே பிறந்துவிட்டால் முன்விடுப்பு வீணாகாது, 26 வாரமும் பின்னால் எடுக்கலாம். குறைமாதப் பிரசவத்தால் உடல்நலக் குறைவு என்று சான்று கொடுத்தால் மேலும் ஒரு மாதம் சம்பளத்தோடு உண்டு. இதைப் பலர் கேட்பதே இல்லை. இஎஸ்ஐ பிடித்தம் இருந்தால் பணம் இஎஸ்ஐ வழியாக வரும், அங்கே 70 நாள் சந்தா கணக்கு.

பிளாக் ஏழு:
சிறு தோட்டத்துல, ரெண்டு ஏக்கர் மொதலாளிகிட்ட பால் வெட்டுறவங்களுக்கு?

சட்டப்பிரிவு:
பெரும்பாலும் இந்தச் சட்டம் எட்டாது. அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருந்தால் மகப்பேறு உதவி உண்டு, பதிவு கர்ப்பத்துக்கு முன்பே இருப்பது நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம் உட்பட 18,000 ரூபாய். அதற்குக் கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்து எண் வாங்க வேண்டும்.

வடசேரிக்காரன்:
இவ்வளவு சிக்கலுக்கு, பேசாம ஆறாம் மாசத்திலிருந்து படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்லலாமே? பெரியவங்க அப்படித்தானே சொல்லுவாங்க.

தக்கலை செவிலி:
படுக்கை ஓய்வு குறைமாதத்தைத் தடுக்கும்னு நிரூபணம் இல்லை. மகப்பேறு மருத்துவ அமைப்புகளும் அதைப் பரிந்துரைக்கிறதில்லை. நாள்கணக்கில் படுத்தா காலில் ரத்தம் கட்டும், தசையும் எலும்பும் வலு இழக்கும். கூலி நின்னா தட்டில் மீனும் பயறும் குறையும், ஸ்கேன் தள்ளிப்போகும். அதனால அஞ்சாம் மாசத்தோட நிறுத்துறதை நான் ஒத்துக்க மாட்டேன். வேலை இருக்கட்டும், வேலைக்குள்ள இருக்கிற சுமை, நிற்பு, சூடு, இரவு மாறட்டும். விதிவிலக்கு உண்டு: முன்னால குறைப்பிரசவம் ஆனவங்க, இரட்டைக் கரு, ஸ்கேனில் கருப்பை வாய் 25 மி.மீ.க்குக் குறைஞ்சவங்க. அவங்களுக்கு மருத்துவர் தனியா முடிவு செய்வார்.

மருத்துவர் சீட்டு எப்படி எழுதி வாங்கறீங்கங்கிறதும் முக்கியம். "இலகு வேலை"ன்னு எழுதினா "எங்ககிட்ட இலகு வேலை இல்லை, வீட்டுக்குப் போ"ன்னு பதில் வரும். "6 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தொடர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் நிற்கவோ குத்தவைக்கவோ கூடாது. 2 மணிக்கு ஒருமுறை 10 நிமிட இடைவேளை. இரவுப் பணி வேண்டாம். மற்ற வேலைகளுக்குத் தகுதியானவர்"னு எழுதச் சொல்லுங்க. கடைசி வரி இல்லாத சீட்டு அந்தப் பெண்ணுக்கே எதிராத் திரும்பும்.

நாகர்கோவில் வாசகி:
தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு இரவுப் பணி பற்றி? டென்மார்க் ஆய்வில் வாரம் ரெண்டு இரவுக்கு மேல் போனா 32 சதவீதம் குறைமாதம் கூடுதுன்னு வாசிச்சேன்.

தக்கலை செவிலி:
அந்த 32 சதவீதம் கருச்சிதைவுக்கு, எட்டாவது வாரத்துக்குப் பிறகு. வாரம் ரெண்டோ அதுக்கு மேலயோ இரவு பார்த்தா, அடுத்த வாரம் சிதைவு வாய்ப்பு கூடுது. மனுவில் மாத்தி எழுதிராதீங்க, எதிர்த்தரப்பு ஒரு பிழையைப் பிடிச்சா முழுசையும் தள்ளிருவாங்க. கோரிக்கை அதேதான்: வாரத்தில் ஒரு இரவுக்கு மேல் வேண்டாம், முடிஞ்சா இரவே வேண்டாம்.

மலையோரம்:
கடைசியா ஒண்ணு. தோட்டத்தில் வேலை நடுவே வலி வந்தா என்ன செய்யணும்னு கொட்டகையில் ஒட்ட ஒரு தாள் வேணும்.

தக்கலை செவிலி:
இதை அப்படியே ஒட்டுங்க.

37 வாரத்துக்கு முன்னால வயிறு கல் மாதிரி இறுகி விட்டு விட்டு வந்தாலோ, இடுப்பு வலி அலையா வந்தாலோ, அடிவயிறு கீழே இழுத்தாலோ வேலையை நிறுத்து. சிறுநீர் கழி. இடது பக்கமா சாய்ஞ்சு படு. ரெண்டு தம்ளர் தண்ணி குடி. வயித்தில் கை வெச்சு எண்ணு. ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை இறுகினா, இல்லேன்னா இறுக்கம் வலுத்துக்கிட்டே போனா ஆஸ்பத்திரி.

தண்ணி கசிஞ்சாலோ ரத்தம் பட்டாலோ குழந்தை அசைவு குறைஞ்சாலோ எண்ணிக்கிட்டு இருக்காதே. உடனே 108.

மேற்பார்வையாளருக்குத் தனித் தாள்: 34 வாரத்துக்கு உள்ளே என்றால் குழந்தையின் நுரையீரலுக்கு ஆஸ்பத்திரியில் டெக்சாமெத்தசோன் ஊசி போடுவாங்க, 6 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 4 தடவை. முழுப் பலன் கிடைக்க ஒரு நாள் வேணும், அதனால வலி முத்தும் வரை காத்திருந்தா ஊசிக்கு நேரமில்லை. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கமிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மலைச்சாலையில் நேரமெடுக்கும். பச்சிளங்குழந்தை தீவிரப் பிரிவு உள்ள இடத்துக்குக் குழந்தை வயித்துக்குள்ள இருக்கும்போதே போறதுதான் பாதுகாப்பு, பிறந்த பிறகு தூக்கிட்டு ஓடுறது இல்லை. தாய் அட்டையும் ஸ்கேன் தாளும் வேலைக்கு வரும்போது பையிலேயே இருக்கட்டும்.

பிளாக் ஏழு:
அக்கா, எங்க மேல்பிளாக்குல போன் சிக்னல் கிடையாது. தாள்ல அதையும் சேருங்க: யாரு கொட்டகை வரை ஓடணும், ஜீப்பு சாவி யாருகிட்ட இருக்கும்னு. பேரு எழுத எடம் விட்டா போதும், ஒவ்வொரு பிளாக்கும் நிரப்பிக்கிடட்டும்.

மலையோரம்:
சேர்த்தாச்சு. வரைவு எழுதி முடிச்சதும் இங்கேயே போடுறேன், 20 முதல் 30 வாரப் பகுதியைச் சட்டப்பிரிவு ஒருமுறை பார்த்துத் தரணும்.